தொலைபேசியில் அழைக்கும்போதும் எடுக்கும்போதும்

தொலைபேசிப் பேச்சில் இரண்டு பேரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அழைப்பவர் எதற்காகப் பேசப்போகிறோம் என்பதை யோசித்து, தமக்கு வசதியான நேரத்தில் எண்ணை அழுத்துகிறார். எடுப்பவரோ அடுப்பில் பால் பொங்கும் நேரத்திலோ, வங்கி வரிசையில் நிற்கும்போதோ, பகலில் சற்றுக் கண்ணயர்ந்த வேளையிலோ, என்ன செய்தி வரப்போகிறது என்று தெரியாமலே எடுக்கிறார். நேரில் வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டின் நிலைமையைப் பார்த்துவிடுவார். உள்ளே சாப்பாடு நடக்கிறது என்றோ, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றோ கண்டால் திண்ணையிலேயே இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். போனில் அழைப்பவருக்கு அந்தப் பார்வை கிடைப்பதில்லை. ஆகவே, கண்ணால் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லாலும் கேள்வியாலும் ஈடுசெய்வதுதான் போன் பேசும் முறை என்பதன் பெரும்பகுதி. அதில் கூடுதல் பொறுப்பு அழைப்பவருடையது என்பது என் கருத்து.

நேரம் பார்த்து அழைப்பது

காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை அழைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. வயல் வேலை பார்ப்பவரைக் காலை 6 மணிக்கு அழைப்பதில் தவறில்லை, பிற்பகல் 2 மணிக்கு அழைப்பதுதான் தவறு. இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும் காவலாளிக்கும் முற்பகல்தான் நள்ளிரவு. ஞாயிறு காலை தேவாலயம் செல்பவர்கள், வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குச் செல்பவர்கள், ரமலான் மாதத்தில் மாலை நோன்பு திறக்கும் வீடுகள் ஆகியவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது பெரிய சிரமம் அல்ல. இரவு தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்களை அழைத்தால் "ம்" என்ற ஓரெழுத்துதான் பதிலாக வரும். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாமல், தொடர் முடிந்தபின் அழைப்பதே உத்தமம்.

வெளிநாட்டில் இருப்பவரை அழைக்கும்போது நேரக் கணக்கு நம்முடைய வேலையே தவிர அவருடைய வேலை அல்ல. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஆகவே இங்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு 9.30 மணிக்கு நிதானமாக அழைத்தால் அங்கே நள்ளிரவு. துபாய் ஒன்றரை மணி நேரமும், சவூதி, குவைத், கத்தார் ஆகியவை இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. இந்த மூன்று நாடுகளிலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால், வாரம் முழுவதும் உழைத்தவர் அன்று காலைதான் சற்று நேரம் கழித்து எழுந்திருப்பார். நமக்கு வெள்ளி காலை 8 மணி என்பது அவருக்கு விடிகாலை 5.30 மணி. லண்டன் கோடையில் நான்கரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், டொராண்டோ ஒன்பதரை, பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், ஆண்டுக்கு இருமுறை இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அழைப்பவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை; அங்கும் இங்கும் ஒரே நேரம்தான்.

நம் வீடுகளில் விடியற்காலையிலோ நள்ளிரவிலோ போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே மனம் ஒரு துக்கச் செய்தியை எதிர்பார்த்துவிடுகிறது. அதனால் விமானம் தரையிறங்கிவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது போன்ற செய்திகளை அந்த நேரத்தில் சொல்ல நேர்ந்தால், வணக்கத்துக்கும் முன்னால் "பயப்படாதீங்க, நல்ல செய்திதான்" என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த நான்கு விநாடி தாமதத்தில் எதிர்முனையில் ஒருவர் எத்தனை பேரை நினைத்து நடுங்கியிருப்பார் என்பதை, அப்படி ஒரு போனை எடுத்தவர்கள் அறிவார்கள்.

மணி எவ்வளவு நேரம் அடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. யாரும் எடுக்காத அழைப்பு, கைபேசியில் 30 விநாடியும் தரைவழித் தொலைபேசியில் 60 விநாடியும் ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் வரையறுத்தது. முழங்கால் வலியுள்ள ஒருவர் பின்கட்டிலிருந்து எழுந்து, போனை வைத்த இடத்தைத் தேடி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சேர முப்பது விநாடி போதாது. எனவே வயதானவர்களை அழைக்கும்போது நான்கு மணியில் துண்டித்துவிடாமல் முழுவதும் அடிக்க விட்டு, எடுக்காவிட்டால் இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை அழைப்பது தொந்தரவு ஆகாது. அது அவர்களுக்குச் செய்யும் உதவி. மற்றவர்களிடம் இரண்டாவது முறையோடு நிறுத்திக்கொண்டு, என்ன விஷயம் என்பதை ஒரு வரிச் செய்தியாக அனுப்பிவிட வேண்டும். "கூப்பிடவும்" என்று மட்டும் அனுப்புவதில் பயனில்லை. அதைப் படிப்பவருக்குக் கவலைதான் கூடும்.

முதல் மூன்று வாக்கியங்கள்

அழைத்தவரே எடுத்த எடுப்பில் "யார் பேசுறது?" என்று கேட்பதைப் போன்ற முறைகேடு வேறில்லை. பிறர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறந்தவரிடம் "நீ யார்?" என்று கேட்பதற்கு அது சமம். அடுத்த நிலையில் இருப்பது "நான்தான் பேசுறேன்" என்பது, அதற்கும் மேலே "என்னைத் தெரியலையா? குரலை வெச்சுக் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று வைக்கப்படும் பரீட்சை. கைபேசியில் பெயர் சேமித்து வைக்கும் காலம் என்றாலும், எதிர்முனையில் இருப்பவர் புதுக் கருவி வாங்கியிருக்கலாம், கண்ணாடி இல்லாமல் எடுத்திருக்கலாம், அல்லது அவருடைய போனை வேறொருவர் எடுத்திருக்கலாம். நம் பெயர் அவருக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வதைவிட, தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு பேசுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

முதல் வாக்கியத்தில் நாம் யார் என்பதைச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒருவருக்குத் தெரிந்த செல்வங்களும் லட்சுமிகளும் பலர் இருப்பார்கள். "வணக்கம் அண்ணே, தஞ்சாவூர் செல்வம் பேசுறேன், உங்க தம்பியோட வேலை பார்க்கிறவன்" என்று ஊரையோ உறவையோ வேலையையோ சேர்த்துச் சொல்லும்போதுதான் அடையாளம் முழுமை பெறுகிறது. இரண்டாவது வாக்கியம் "இப்போ பேசலாமா?" என்பது, இதை வாய்ப்பேச்சுக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்து பேசுகிறவர்கள் அதைக் கேட்காமலே இருக்கலாம். மூன்றாவது வாக்கியம், என்ன விஷயம், எவ்வளவு நேரம் ஆகும் என்பது. "பத்திரப் பதிவு பற்றி ஒரு சந்தேகம், ஐந்து நிமிடம் ஆகும்" என்று கேட்டால், எடுப்பவர் இப்போதே பேசுவதா, மாலையில் பேசுவதா என்று முடிவு செய்ய முடிகிறது.

நலம் விசாரிப்பதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். "சாப்பிட்டீங்களா, பிள்ளைகள் நல்லா இருக்காங்களா" என்று கேட்பது நம் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று ஆண்டுகள் பேசாதிருந்துவிட்டு, பத்து நிமிடம் பேரன் பேத்திகளை எல்லாம் விசாரித்து, கடைசியில் "ஒரு சின்ன உதவி" என்று கேட்டால், முன்னால் சொன்ன அன்பு முழுவதும் அந்த உதவிக்குக் கொடுத்த முன்பணமாகத் தோன்றிவிடும். உதவி கேட்கத்தான் அழைக்கிறோம் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு நலம் விசாரிப்பது நேர்மையாகவும் இருக்கும், கேட்பவருக்கு நிம்மதியாகவும் இருக்கும்.

தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டால் "மன்னிக்கணும், ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். பேசாமல் துண்டிப்பது எடுத்தவரைக் குழப்பும். நமக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால், நம் பெயரையோ எண்ணையோ சொல்லாமல் "நீங்க எந்த எண்ணுக்கு அழைச்சீங்க?" என்று கேட்டு, இது அந்த எண் இல்லை என்று சொன்னால் போதும்.

எடுப்பவர் செய்ய வேண்டியவை

எடுப்பவருக்கு உள்ள முதல் உரிமை, எடுக்காமல் இருப்பது. பேச முடியாத நேரத்தில் எடுத்து, பாதி கவனத்தோடு "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவதைவிட, எடுக்காமல் விட்டுவிட்டு அன்றைக்குள் திருப்பி அழைப்பது மேல். எடுத்துவிட்டால், "இப்போ கூட்டத்தில் இருக்கேன், நாலு மணிக்கு நானே கூப்பிடறேன்" என்று நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "அப்புறம் கூப்பிடறேன்" என்பதில் உள்ள அப்புறத்துக்கு நம் ஊரில் எல்லையே கிடையாது.

வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதை முறைகேடு என்பதோடு நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019-இல் செய்த திருத்தப்படி, கைபேசியைக் கையில் வைத்துப் பேசியபடி ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தலைக்கவசத்துக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவரும் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. அவர் கவனமும் சாலையில் இல்லை. இதில் அழைத்தவருக்கும் பங்கு உண்டு. எதிர்முனையில் ஹாரன் சத்தமும் காற்றிரைச்சலும் கேட்டால், "ஓட்டறீங்க போலிருக்கு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பேசலாம்" என்று நாமே வைத்துவிட வேண்டும்.

பிறருடைய போன் மேசையில் அடித்தால் எடுக்கலாமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அவர் கேட்டுக்கொண்டால் எடுக்கலாம். எடுத்தவுடன் "அவர் குளிக்கிறார், நான் அவருடைய மனைவி பேசுறேன்" என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழைத்தவர் தம் நண்பரிடம் பேசுவதாக எண்ணி எதையாவது கொட்டிவிடுவார். சொல்லச் சொன்ன செய்தியைத் தாளில் எழுதிவைப்பது பழைய பழக்கம். விட்டுவிடத் தகுந்த பழக்கம் அல்ல. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகையிலும் கடிதத்திலும் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் "பி.பி." என்று எழுதுவார்கள், அந்த எண்ணுக்கு அழைத்து இன்னாரைக் கூப்பிட வேண்டும் என்பது பொருள். வெளியூரிலிருந்து அழைப்பவர் "எதிர் வீட்டு ராமநாதனைக் கூப்பிடுங்க, பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். போன் வீட்டு அம்மாள் சுவரில் தொங்கிய காலண்டர் தாளில் யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் குறித்துவைத்துவிட்டுத்தான் ஆள் அனுப்புவார். இன்றைக்கும் ஒரு செய்தியை வாங்கி இன்னொருவரிடம் சேர்ப்பதற்கு இந்த மூன்றும் போதும்.

குழந்தை எடுத்தால், "வீட்டில் யார் யார் இருக்காங்க, அப்பா எப்போ வருவார்" என்று அதனிடம் விசாரணை நடத்தக் கூடாது. "அம்மாகிட்ட போனைக் கொடு கண்ணா" என்று கேட்பதே முறை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கும், பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா இல்லையா என்பதை அறியாதவர்களிடம் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்க வேண்டும்.

மரியாதைக்கு விதிவிலக்கும் உண்டு. கடன் வேண்டுமா, அட்டை வேண்டுமா என்று அழைக்கும் பெண்ணிடம் எரிந்து விழ வேண்டியதில்லை. அது அவருடைய வேலை. "வேண்டாம்மா, நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். இத்தகைய அழைப்புகளே வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் காவல்துறை, சுங்கத்துறை, வங்கி என்று பெயர் சொல்லி மிரட்டுகிறவர்களிடம் எந்த மரியாதையும் காட்டத் தேவையில்லை. "டிஜிட்டல் கைது" என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது, ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கியும் போனில் கேட்காது. இந்த மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது, பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பாதியில் போனை வைப்பது அநாகரிகம் என்று வளர்ந்த நம் பெரியவர்களின் பண்பைத்தான். ஆகவே, இப்படிப்பட்ட இடத்தில் பட்டென்று வைப்பதே சரி என்று வீட்டிலுள்ள முதியவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

பேச்சின் நடுவே

பழைய தொலைபேசி இணைப்புகள் மனிதக் குரலில் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத்தான் கடத்தின. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், நேரில் தெளிவாகக் கேட்கும் பெயர் போனில் குழம்பும். புதிய இணைப்புகளில் தெளிவு கூடியிருந்தாலும், தமிழ் எண்ணுப் பெயர்கள் காதில் ஒன்றையொன்று ஒத்திருப்பது மாறவில்லை. ஐம்பதும் எண்பதும், எழுநூறும் எண்ணூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் எத்தனையோ கணக்குகளைத் தவறாக்கியிருக்கின்றன. தொகையைச் சொல்லும்போது "எண்பது, எட்டு சைபர்" என்று இலக்கங்களாகவும் பிரித்துச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். "அடுத்த வெள்ளி" என்பது சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்தது. தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொன்னால் இந்தச் சிக்கலே எழாது.

காது மந்தமானவர்களிடம் கத்துவது பயன் தருவதில்லை. வயதில் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உச்ச ஒலிகளையே முதலில் பாதிக்கிறது. கத்தும்போது குரல் மேலும் உச்சத்துக்குப் போய்விடுகிறது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, சிறு வாக்கியங்களாகப் பேசினால் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினால், அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். சம்பந்தி வீட்டைப் பற்றி மகள் மனம்விட்டுப் பேசும்போது, அறையில் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் இருந்தால், அந்தப் பேச்சின் விளைவுக்குப் போனைத் திறந்துவைத்தவரே பொறுப்பு. பேச்சைப் பதிவு செய்வதும் அப்படியே. அரசு ஒட்டுக்கேட்பது பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசி உரையாடல் தனிமனித அந்தரங்கத்தில் அடங்கும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நண்பருக்குள் சட்டம் பார்க்க வேண்டியதில்லை என்றாலும், பதிவு செய்வதற்கு முன் கேட்பது நட்புக்குச் செய்யும் மரியாதை. முன்னறிவிப்பு இல்லாமல் வீடியோ அழைப்பு செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாரும் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை.

இணைப்பு அறுந்துவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் அழைக்க, இருவருக்கும் "பிஸி" என்றே வரும். முதலில் அழைத்தவரே மறுபடி அழைப்பார், மற்றவர் காத்திருப்பார் என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

அழைப்பிதழும் துக்கச் செய்தியும்

கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைப்பதே நம் மரபு. போனில் அழைப்பது அதற்கு மாற்று என்பதை அழைப்பவர் ஒப்புக்கொண்டு பேச வேண்டும். "நேரில் வர முடியலை, போனிலேயே அழைக்கிறதைத் தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கி, நாள், முகூர்த்த நேரம், மண்டபம் ஆகியவற்றைச் சொல்லி, "அண்ணிகிட்ட கொடுங்க, ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று வீட்டுப் பெண்களிடமும் தனியாக அழைப்பைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை விடுபட்டதால் வராமல் போனவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தனித்தனியே அழைக்க வேண்டிய உறவுகளை, "அவங்க சொல்லியிருப்பாங்க" என்று விட்டுவிடக் கூடாது.

இறப்புச் செய்தியைச் சொல்வதற்கு முன், கேட்பவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் இருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு சுற்றி வளைக்காமல் "அப்பா காலையில் தவறிட்டார்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எதிர்முனையின் அழுகைக்கு இடம் கொடுத்துப் பேசாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் "உடம்பு ரொம்ப முடியலை, கிளம்பி வா" என்று சொல்லி வரவழைப்பது பல குடும்பங்களின் வழக்கம். பதற்றத்தில் பயணம் செய்யக் கூடாதே என்ற அக்கறைதான் காரணம் என்றாலும், விமானத்தில் ஏழெட்டு மணி நேரம் நம்பிக்கையோடு உட்கார்ந்து வந்தவன் வாசலில் பந்தலைப் பார்ப்பது அதைவிடக் கொடியது என்றே நினைக்கிறேன். உண்மையைச் சொல்லி, உடன் ஒருவரை விமான நிலையம் வரை அனுப்ப ஏற்பாடு செய்வது நல்லது. மற்ற உறவினர்களுக்கு எந்த வீட்டில், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற இரண்டையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

துக்கம் விசாரிக்க அழைப்பவர் வணக்கம் சொல்லித் தொடங்குவதில்லை. "வரேன்" என்று சொல்லி முடிப்பதும் இல்லை. எப்படி நடந்தது என்று விவரம் கேட்டு, ஏற்கெனவே நாற்பது பேரிடம் சொன்னவரை நாற்பத்தோராவது முறையாகச் சொல்ல வைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

வைக்கும் முறை

இந்தியாவில் கைபேசிச் சேவை 1995-இல் தொடங்கியபோது, வரும் அழைப்புக்கும் காசு போனது. 2003-இல்தான் அழைப்பவர் மட்டும் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. இப்போது பெரும்பாலோருக்கு நிமிடக் கணக்கு இல்லாததால், பேச்சை முடிக்கும் பொறுப்பை மீட்டர் நமக்காகச் செய்வதில்லை. விஷயம் முடிந்தபின் அழைத்தவரே "சரிங்க, வைக்கட்டுமா?" என்று கேட்பது முறை; எதிர்முனையில் இருப்பவர் வயதில் மூத்தவர் என்றால், அவர் வைத்தபின் நாம் வைப்பது அழகு. எடுத்தவருக்கு அவசரம் இருந்தால் பொய்க் காரணம் தேட வேண்டாம். "அடுப்பில் வேலை இருக்கு, ராத்திரி பேசறேன் அத்தை" என்றால் எந்த அத்தையும் கோபித்துக்கொள்ளமாட்டார். போனில் "போறேன்" என்று முடிப்பதைப் பலர் விரும்புவதில்லை என்பதால், "அப்புறம் பேசலாம்" என்பதே பழக்கமாகிவிட்டது.

வைத்தபின் திரையைப் பார்த்து, சிவப்புப் பொத்தான் அழுந்தி இணைப்பு நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறக்க வேண்டும். "அப்பாடா, ஒருவழியா வெச்சாங்க" என்று நான் என் மனைவியிடம் சொன்னது, அந்தப் பக்கம் போனை இன்னும் காதிலிருந்து எடுக்காமல் இருந்த எங்கள் சம்பந்தி அம்மாளுக்கு முழுசாகக் கேட்டுவிட்டது. அடுத்த தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல நானே இரண்டு முறை அழைக்க வேண்டியிருந்தது.